வீட்டுக்கு வந்து சர்வீஸ்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் வேகத்தைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், பார்க்க லட்சணமாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். கெட்டுப்போனால் வீட்டுக்கு ஆள் வருமா?

கேட்பவர்களுக்கு இது விவரம் தெரிந்த பேச்சாகத்தான் பட்டது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில், இருபது வருஷத்துக்கு மேல் பர்ச்சேஸ் பார்த்தவள் நான். கம்ப்ரசரோ மோட்டாரோ எடை மெஷினோ, எதை விற்க வந்தாலும் என் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். விற்க வருகிறவர் வழவழ பேப்பரில் படம் போட்ட புத்தகத்தை விரிப்பார். நான் அதை மூடி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்பேன். வாரண்டி வாங்கின நாளிலிருந்தா, மாட்டின நாளிலிருந்தா? ஸ்பேர் சென்னையில் இருக்கிறதா, வடக்கேயிருந்து லாரி ஏறி வர வேண்டுமா? நைட் ஷிப்டில் மெஷின் நின்றால் போனை எடுக்கப் போவது யார்? முக்கால்வாசிப் பேருக்கு அங்கேயே வியர்த்துவிடும்.

வாரண்டிப் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம் எனக்கு. என்னென்ன தருவார்கள் என்பது முன்பக்கத்தில் இருக்கும், அதை விற்கிறவரே ஒப்பித்துவிடுவார். என்னென்ன கிடையாது என்பதைப் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எலி கடித்தால் கிடையாது. இடி விழுந்தால் கிடையாது. தண்ணீர் புகுந்தால் கிடையவே கிடையாது. அந்தப் பொடி எழுத்தை வைத்து நான் போட்ட சண்டைகளால்தான் தொழிற்பேட்டையில் எனக்கு நல்ல பெயரும் கெட்ட பெயரும் வந்தன.

சொந்த வாழ்க்கையில் மட்டும் பின்பக்கத்தைப் படிக்கத் தவறிவிட்டேன். கல்யாணம் ஆனது, ஒத்துவரவில்லை, ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர் போனவர்தான். பிள்ளை கிடையாது. பொன்னேரியில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன வீட்டை லோன் போட்டு வாங்கிக்கொண்டு இருந்துவிட்டேன். காலை ரயிலில் கும்மிடிப்பூண்டி, மாலை ரயிலில் பொன்னேரி. வீடு தூங்குவதற்கு மட்டும்தான். சிரிப்பு, கோபம், கோள்மூட்டல், மதியச் சாப்பாட்டில் அடுத்தவள் டப்பாவிலிருந்து எடுக்கிற ஒரு துண்டு மீன், எல்லாம் கம்பெனியில்தான். நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கவே அப்போது நேரம் இருந்ததில்லை.

பிறகு புனேயில் இருக்கிற தலைமை ஆபீஸில் ஒரு முடிவு எடுத்தார்கள். பர்ச்சேஸ் முழுக்க இனி அங்கிருந்துதான். நீங்கள் இங்கே வருகிறீர்களா, இல்லை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். புனேவுக்குப் போய் நான் எந்த பாஷையில் சண்டை போடுவது? வீடே போதும் என்றேன். மேஜையைக் காலி செய்த அன்று, மேடத்துக்கு யோகம், இனி ரயில் நெரிசல் இல்லை, மேனேஜர் மூஞ்சி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் யோகம் என்றுதான் நினைத்தேன்.

அந்த யோகத்தின் லட்சணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் இப்போது மெயில் அனுப்பினார்கள். பால்காரர் பாக்கெட்டை கேட்டில் தொங்கும் பையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். கூரியர்காரர் பெட்டியைச் சுவர்மேல் வைத்து, அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, நான் கதவைத் திறப்பதற்குள் தெருமுனையில் இருப்பார். ஒருநாள் சாயங்காலம் கீரைக்காரம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை, கரகரவென்று என்னவோ வந்தது. தொண்டை கட்டிக்கொண்டதோ என்று பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. காலையிலிருந்து நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே போனால் என்ன ஆவேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர் வாங்க வேண்டி வந்தது. ஆபீஸில் கழித்துக் கட்டிய பழைய லேப்டாப் ஒன்றைத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தார்கள். சொந்தமாக நல்லதாக ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், பில்லை அனுப்புங்கள் என்று புனேயிலிருந்து மெயில் வந்தது.

யோசனை கேட்க எனக்கு இருந்தவர் ஒருவர்தான். எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்த அண்ணன். ஆரம்பாக்கத்துக்காரர், பேச்சில் பாதி தெலுங்கு வரும். அவரும் கம்பெனியை விட்டுத் தடா பக்கம் வேறு வேலைக்குப் போயிருந்தார். போன் போட்டேன்.

"மேடம், நல்ல மெஷின்னா இன்னான்றீங்க? சர்வீஸ் பண்றவன் மூஞ்சி நமக்கு மறந்து பூடணும். அதான் நல்ல மெஷின். எங்க நைனா ஒண்ணு வெச்சிக்கினு இருக்கான், காலேஜ் சேந்தப்ப வாங்குனது. இன்னிக்கி வரைக்கும் ஒரு பேஜாரு குடுக்கல. டப்பு கொஞ்சம் சாஸ்திதான். அதையே வாங்கிடுங்க."

நைனா என்றது அவர் பையனை, டப்பு என்றது பணத்தை. பொன்னேரி பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரும் அதையே சொன்னார். இரண்டு லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அண்ணன் சொன்னது. உழைக்கும், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். ஆனால் வாரண்டி ஒரு வருஷம்தான், பழுதானால் நாமே சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இன்னொன்று சுமார் ரகம். அதற்கு மூன்று வருஷ வாரண்டி, ஒரு போன் செய்தால் வீட்டுக்கே இன்ஜினியர் வருவார்.

நான் வழக்கம்போல இரண்டு பேப்பரையும் பின்பக்கம் திருப்பிப் படித்தேன். பிறகு சுமார் ரகத்தைக் காட்டினேன்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. முதல் லேப்டாப்பைத் தட்டிக் காட்டினார். "மேடம், அது ரிப்பேரே ஆவாது. ரிப்பேரே ஆவாத ஐட்டத்துக்கு வாரண்டி இன்னாத்துக்கு?"

அதுதான் ஐயா எனக்கும் பிரச்சினை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். பொன்னேரியிலிருந்து சென்னைக்கு யார் தூக்கிக்கொண்டு அலைவது, ஒருநாள் வேலை கெட்டால் புனேக்காரனுக்கு யார் பதில் சொல்வது, மெஷின் எவ்வளவு நல்லது என்பதைவிட ஆள் எவ்வளவு சீக்கிரம் வருவார் என்பதுதான் முக்கியம் என்று என் இருபது வருஷ அனுபவத்தை அவர்முன் கொட்டினேன். ஒவ்வொன்றும் நியாயமான பேச்சு. கடைக்காரர் ஒத்துக்கொண்டார். ஆனால் உண்மை அது இல்லை. மூன்று வருஷத்துக்கு என் வீட்டுக் கதவைத் தட்ட ஒருவருக்குக் காரணம் இருக்கிறது என்று அந்தப் பேப்பரில் அச்சடித்திருந்தது. நான் வாங்கியது அதைத்தான். லேப்டாப் அதோடு கூட வந்தது.

வந்த லேப்டாப் என்ன செய்தது என்கிறீர்கள்? கெடவே இல்லை. சுமார் ரகம் என்று கடைக்காரரே சொன்ன அந்த லேப்டாப், தை மாதத்திலிருந்து ஆடி வரைக்கும் ஒரு தும்மல்கூடப் போடாமல் ஓடியது. கம்பெனிக்கு வாங்கிப்போட்ட பெரிய பெரிய மெஷினெல்லாம் மூன்றாம் மாதமே படுத்துக்கொண்டு என்னைச் சந்தி சிரிக்க வைத்திருக்கிறது. எனக்கென்று வாங்கியது மட்டும் இப்படி. ஒருபக்கம் பெருமை, ஒருபக்கம் எரிச்சல். மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருநாள் விசாரித்தபோது, நல்லாத்தான் இருக்கு என்று நான் சொன்ன தொனியைக் கேட்டு, "இன்னா மேடம், நல்லா கீதுன்னு சொல்றதுக்கு இப்படி சலிச்சிக்கிறீங்க?" என்றார்.

ஆவணியில் ஒருநாள் உள்ளே இருக்கும் ஃபேன் ர்ர்ர் என்று சத்தம் போட்டது. போட்ட உடனே சர்வீஸுக்குப் போன் போட்டுவிட்டேன். அவர்கள் வைக்கிற பாட்டைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமே ஆன பிறகு ஒரு பையன் பேசினான். எதற்கும் இருக்கட்டும் என்று நான் அதற்குள் காபிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அவன் வரவில்லை. "மேடம், ஒரு நம்பர் சொல்றேன், டைப் பண்ணுங்க, நாங்க இங்கேருந்தே பாத்துடுறோம்" என்றான். டைப் செய்தேன். திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. எதையோ திறந்தது, எதையோ மூடியது, ஒரு இடத்தில் நின்று யோசித்தது, மறுபடி நகர்ந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்குள் யாரோ நடமாடுகிறார்கள், ஆனால் யாரும் இல்லை. "சரியாயிடுச்சு மேடம், வேறு ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டான். என்ன உதவி கேட்பது? ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டேன். அடுப்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது.

அப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜை என்றால் எங்கள் தொழிற்பேட்டைக்குத் தீபாவளியைவிடப் பெரிசு. எங்கள் கம்பெனியில் அதற்கு வாங்குவதெல்லாம் என் பொறுப்பு. பொரி, கடலை, வெல்லம், வாழைக்கன்று, பூசணிக்காய், கலர் பேப்பர், ஸ்வீட் டப்பா, கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் ஒரிசாவிலிருந்து வந்த பையன்களுக்கும் சேர்த்து ஒன்று குறையாமல் வர வேண்டும். முதல் நாளே மெஷினையெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவார்கள். பூஜை அன்று மெயின்டனன்ஸ் அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு வருவார். அந்த ஒருநாள் மேனேஜர்கூட அவர் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆரம்பிக்கும் முன் அவர் கத்துவார்: "மெயின் ஆஃப் பண்ணியாச்சா?" கம்பெனி முழுக்க ஒரே குரலாக "ஆச்சு!" என்று கத்தும். பிறகு ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், சூடம். கடைசியாக மஞ்சள் தண்ணீர் வாளியில் மாவிலைக் கொத்தை நனைத்து மெஷின் மெஷினாகத் தெளித்துக்கொண்டு போவார். ஆபீஸ் ரூமுக்கும் வருவார். எங்கள் கம்ப்யூட்டர்களுக்கும் பொட்டு உண்டு.

அந்த வருஷம் என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது, அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் நாள் பொன்னேரி பஜாருக்குப் போனேன். ஐம்பது கிராம் சந்தனத்தூள், ஒரு படி பொரி, அவ்வளவுதான் வாங்க நினைத்தது. வருஷா வருஷம் நான் பொரி எடுக்கிற கடைக்காரர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க மேடம். இந்த வருசம் ஆர்டரே வரலியேன்னு நெனைச்சிக்கினே இருந்தேன். எப்பவும்போல மூட்டைதானே?"

இல்லை, ஒரு படி போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். நான் இப்போது கம்பெனிக்குப் போவதில்லை, வீட்டில் தனியாக இருக்கிறேன் என்று அந்தக் கூட்டத்தில் நின்று சொல்ல வேண்டும். "ஆமா, மூட்டைதான்" என்றேன். என் உயரத்துக்கு ஒரு பொரி மூட்டை ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தது. ஆட்டோக்காரர் அதற்கு இடம் விட்டுத்தான் என்னை ஏறச் சொன்னார்.

மறுநாள் குளித்துவிட்டு, முன் அறையில் பலகை போட்டு, வாழை இலை விரித்து, லேப்டாப்பைத் திறந்து நடுவில் வைத்தேன். சந்தனம் இட்டேன், குங்குமம் வைத்தேன், பூ வைத்தேன். சூடம் ஏற்றும் முன் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது, "மெயின் ஆஃப் பண்ணியாச்சா?" அந்தச் சின்ன அறையில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பதில் சொல்ல யாரும் இல்லை. அழுகை வந்தது, அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு சூடம் காட்டினேன். சொம்பில் மஞ்சள் தண்ணீர் இருந்தது. மாவிலைக் கொத்தை நனைத்தேன், தெளித்தேன். அண்ணன் தெளிப்பாரே அதே மாதிரி, மணிக்கட்டைச் சுண்டி, நன்றாகவே தெளித்தேன்.

தெளித்து முடித்த பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அண்ணன் ஆபீஸ் ரூமுக்குள் நுழையும்போது வாசலிலேயே நின்று மாவிலைக் கொத்தைப் படீர் படீர் என்று உதறுவார். உள்ளே வந்து கம்ப்யூட்டர்களுக்கு நேராக வெறும் இலையைத்தான் ஆட்டுவார். அத்தனை வருஷம் அதை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் பூஜையில் ஒரு முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வார்ப்பட மெஷினுக்கு வாளித் தண்ணீர் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. லேப்டாப்புக்கு ஆகும். தண்ணீர் புகுந்தால் கிடையவே கிடையாது என்று ஊருக்கெல்லாம் படித்துக் காட்டியவளுக்கு இது தெரியாதா? தெரியும். கை பழக்கத்தில் போய்விட்டது. புடவைத் தலைப்பால் துடைத்து மூடி வைத்தேன். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பதால் மறுநாள்தான் திறந்தேன். பொட்டும் பூவுமாக இருந்தது, உயிர் இல்லை. அதை நான் அணைத்தே வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆச்சு என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் பார்த்திருப்பேனோ என்னவோ.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது செத்துக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போன் செய்தேன். இந்தத் தடவை டைப் செய்ய நம்பர் எதுவும் இல்லை, திரை வந்தால்தானே டைப் செய்வதற்கு. "நாளை இன்ஜினியர் உங்கள் வீட்டுக்கு வருவார்" என்றார்கள். நான் வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். ஃபேன் இறக்கையைக்கூடத் துடைத்தேன். லேப்டாப்பின்மேல் இருந்த குங்குமத்தையும் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று கேட்டால், பர்ச்சேஸ் பார்த்தவளுக்குத் தெரியாததா?

வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகமெல்லாம் வியர்வை. திருநின்றவூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள். "பெரியபாளையத்துல ஒரே கூட்டம்க்கா, கோயில்கிட்ட வண்டி நவுரவே இல்ல, அதான் லேட்டு" என்றாள். மேடம் என்றே கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அக்கா நன்றாக இருந்தது. நாஷ்டா சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஆச்சு என்றாள். பொய் என்று தெரிந்தது. இட்லியைத் தட்டில் வைத்தேன், சாப்பிட்டாள்.

பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, தரையில் துணி விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்துப்போட்டு ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினாள். கழற்றியதை வரிசை மாறாமல் ஒரு மூடியில் வைத்தாள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போர்டு பூட்ச்சிக்கா" என்றாள். "மாத்திடலாம், வாரண்டிதான். பார்ட்டு வர்றதுக்கு நாலஞ்சு நாள் ஆவும். வந்ததும் நானே எடுத்துக்கினு வந்து போட்டுக் குடுத்துடுறேன்."

நானே வந்து என்றாள். நாலைந்து நாளில் மறுபடி வருவாள். அதற்குப் பிறகும் வாரண்டி இரண்டு வருஷத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. போகும்போது எடுத்துக்கொண்டு போகட்டும் என்று ஒரு பெரிய கவரில் பொரி அள்ளிப் போட்டேன், கடலையும் வெல்லமும் போட்டேன். அவள் சமையலறை மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, இவ்ளோ பொரி? ஊட்ல எத்தினி பேரு?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் என்னிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. நான் ஒருத்திதான் என்று ஆரம்பித்தேன். பொரிக்கடையில் மூட்டை என்று வாய் தவறியதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கு ஊக்கம் வந்துவிட்டது. கம்பெனியில் பூஜை எப்படி நடக்கும், அண்ணன் எப்படிக் கத்துவார், பூசணிக்காய் உடைக்கும்போது ஒரு தடவை மேனேஜர் சட்டையில் எப்படித் தெறித்தது, எல்லாம் சொன்னேன். உட்கார்ந்து கேட்டாள், இடையிடையே பொரியைக் கொறித்துக்கொண்டு. மெயின் ஆஃப் பண்ணியாச்சா என்று இந்த அறையில் நின்று நானே கேட்டதையும், பதில் வராததையும், அழுததையும் சொன்னேன். அழுத கண்ணோடு மாவிலையைத் தோய்த்து அண்ணன் மாதிரியே தெளித்தேன் என்று கையைச் சுண்டிக் காட்டினேன்.

காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் பொரி தின்பதை நிறுத்தியிருந்தாள். என்னைப் பார்த்தாள், கழற்றிப் போட்டிருந்த லேப்டாப்பைப் பார்த்தாள்.

"ஏன்க்கா சொன்னீங்க?" என்றாள். "நான் கேக்கவே இல்லியே. உள்ள மஞ்சளா கீறத அப்பவே பாத்துட்டேன். கேக்காம உட்டுட்டேன்ல?"

நீட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டேன். அவள்தான் மறுபடி பேசினாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் வேறு யாரோ இருக்கிற மாதிரி. "நீங்க ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல. அப்டியே வெச்சிக்கலாம்க்கா. போர்டு ஃபால்ட்டுனு போட்டுடுறேன்."

நான் சரி என்றிருந்தால் முடிந்தது. ஆனால் மாற்றிய போர்டு குப்பைக்குப் போகாது, லேப்டாப் கம்பெனிக்குத் திரும்பிப் போகும் என்பது எனக்குத் தெரியும். அங்கே ஒருவன் கண்ணாடி வைத்துப் பார்ப்பான். என்னிடம் மோட்டார் விற்றவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். மஞ்சளைப் பார்த்துவிட்டு, இதை எழுதினது யார் என்று தேடுவான். பெரியபாளையம் கூட்டத்தில் நசுங்கி எனக்காக வந்தவள் மாட்டிக்கொள்வாள். "தண்ணின்னே எழுதும்மா" என்றேன். இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அதையே சொன்னேன்.

எழுதினாள். எழுதினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். இனி இந்த லேப்டாப்புக்கு வாரண்டி கிடையாது. எது கெட்டாலும் போன் செய்ய முடியாது, யாரும் வர மாட்டார்கள். பொன்னேரி பஜாரில் கொடுத்தால் போர்டை சரிசெய்து தருவார்கள் என்றாள். அவள் போனில் என் விரலால் கையெழுத்துப் போட்டேன். ஸ்க்ரூவையெல்லாம் திரும்ப மாட்டி, லேப்டாப்பைத் துணியால் ஒருமுறை துடைத்து என் கையில் கொடுத்தாள். பொரிக் கவரை வண்டியின் கொக்கியில் மாட்டிக்கொண்டாள். தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வருஷத்துக்கு வருமென்று நான் வாங்கிவைத்ததை ஒரே காலைப் பொழுதில் பேசித் தீர்த்துவிட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. அந்தப் பெண் வந்துபோவது இரண்டு தடவை, மூன்று தடவை, அதற்குமேல் எத்தனையோ தடவை என்று இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றும் எனக்குப் புதிதில்லை, அந்த வீட்டில் நான் செய்துகொண்டிருந்ததே அதுதான். ஆனால் கேட்க ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தபோது என்னால் முடியவில்லை.

மதியம் போன் வந்தது. பதிவு செய்த குரல், இனிமையாக, நிறுத்தி நிறுத்திப் பேசியது. "எங்கள் சர்வீஸ் இன்ஜினியர் இன்று உங்கள் வீட்டுக்கு வந்தாரா? வந்தார் என்றால் ஒன்றை அழுத்தவும். வரவில்லை என்றால் இரண்டை அழுத்தவும்."

வந்தாள் என்று வாய்விட்டுச் சொன்னேன். இட்லி சாப்பிட்டாள், பொரி சாப்பிட்டாள், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். குரல் முதலிலிருந்து அதே கேள்வியைக் கேட்டது.

ஒன்றை அழுத்தினேன்.